வண்ண எல்.பி. வாங்கத் தொடங்குகிறவர்களுக்கு: திருப்பூரிலிருந்து ஒரு வழிகாட்டி

திருப்பூர் சாயப்பட்டறை லேபில் வேலை பார்க்கிறவனுக்கு நிறம்தான் சோறு. பையர் அனுப்பிய துணித் துண்டையும் நாங்கள் போட்ட லேப் டிப்பையும் (மாதிரிச் சாயத் துண்டு) லைட் பாக்ஸுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஷேடு ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதிலேயே என் பகல் போகும். முதல் வண்ண எல்.பி., அதாவது நிறம் போட்ட பாட்டுத் தட்டு, கூரியரில் வந்த அன்று அதையும் அந்தப் பெட்டிக்குள்தான் பிடித்துப் பார்த்தேன். கடல் பச்சை, வெளிச்சம் ஊடுருவுகிற ரகம். பின்னால் விளக்கு எரிய, பாட்டுக் கோடுகள் மயிரிழை மாதிரி தெரிந்தன. சத்தமான இடத்தில் கோடுகள் அகன்று நெளிந்திருந்தன, அமைதியான இடத்தில் நெருங்கிப் படுத்திருந்தன. பாட்டைக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ தட்டு வாங்கியாயிற்று. இப்போது இளம் பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்து, லிமிடெட் எடிஷன் வண்ணத்தட்டு சேர்க்க ஆசை, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். புது இறக்குமதித் தட்டு ஒன்று இன்றைக்கு மூவாயிரம் ரூபாயைச் சாதாரணமாகத் தாண்டிவிடுகிறது. அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில், நிறம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

காங்கேயம் பக்கம் மைக் செட் வைத்திருந்த பெரியவர் ஒருவர் என் பச்சைத் தட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, இதுல பாட்டும் வேற மாதிரி கேக்குமா?" என்றார். இதைவிடச் சரியான கேள்வி கிடையாது. எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எல்.பி. தட்டு பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக். அதற்குச் சொந்த நிறம் கிடையாது. கார்பன் பிளாக் என்ற கரியைக் கொஞ்சம் சேர்ப்பதால்தான் அது கறுப்பாகிறது. கரி குறைகளை மறைக்கும், ஓரளவு உறுதியும் தரும். கரிக்குப் பதில் வேறு நிறமி சேர்த்தால் வண்ணத்தட்டு, எதுவும் சேர்க்காவிட்டால் கண்ணாடி மாதிரித் தட்டு. இது இன்றைக்கு நேற்று வந்த விஷயமும் கிடையாது. 1949இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனி நிமிடத்துக்கு 45 சுற்று ஓடுகிற தட்டுகளைக் கொண்டுவந்தபோதே பாட்டின் வகைக்கு ஒரு நிறம் வைத்தது: செவ்வியல் இசைக்குச் சிவப்பு, கன்ட்ரி பாட்டுக்குப் பச்சை, குழந்தைப் பாட்டுக்கு மஞ்சள். சில வருடங்களில் பெரும்பாலும் கறுப்புக்கே திரும்பிவிட்டார்கள்.

அச்சடிக்கிற முறை நமக்குப் புரியாத ஒன்றில்லை. பிளாஸ்டிக் மணிகளை உருக்கி, கச்சாய மாவு உருண்டை மாதிரி ஒரு கட்டியாக்குவார்கள். மேலும் கீழும் நிக்கல் அச்சுத் தகடு, நடுவில் இந்தக் கட்டி, இரு பக்கமும் லேபிள். நீராவிச் சூட்டோடு பெரிய அழுத்தத்தில் ஒரே அமுக்கு. கட்டி பரந்து தட்டாகும், குளிர்ந்ததும் ஓரத்துப் பிசிறை வெட்டி எடுப்பார்கள்.

வண்ணத்துக்கு ஏன் கூடுதல் விலை என்பது திருப்பூர்க்காரருக்குச் சொல்லாமலே விளங்கும். கறுப்பு லாட் ஓடிய மெஷினில் அடுத்து வெளிர் மஞ்சள் போட வேண்டுமென்றால் மெஷினைக் கழுவி எடுக்க எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம்? தட்டு அச்சிலும் அதே கதைதான். நிறம் மாற்றும் ஒவ்வொரு முறையும் உருக்கும் குழாயில் தங்கியிருக்கும் பழைய நிறத்தைத் தள்ளி வெளியேற்ற வேண்டும், அந்த இடைப்பட்ட தட்டுகள் வீணாகும். குறைந்தபட்ச ஆர்டர் இல்லாமல் எந்த அச்சகமும் நிறம் மாற்றாது. முந்நூறு, ஐந்நூறு என்று லிமிடெட் எண்ணிக்கைகள் முழு நூறுகளாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரியவருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: ஒரே நிறத் தட்டு நல்ல அச்சகத்தில் அடித்திருந்தால் கறுப்புக்கும் அதற்கும் காதுக்கு வித்தியாசம் தெரியாதுங்க. மாஸ்டரிங் (அச்சுக்கு முன் ஒலியைச் சீர்செய்கிற வேலை), அச்சுத் தகடு, அவசரப்படாத வேலை இந்த மூன்றும்தான் சத்தத்தைத் தீர்மானிக்கின்றன. ஆனால் நிறத்தோடு விளையாட விளையாடக் கவனம் வேண்டும்.

எந்தெந்த ரகம், எதில் என்ன கேட்கும்

கலந்த மணிகளை உருக்கினால் மார்பிள். இரண்டு பாதிக் கட்டிகளை ஒட்டி அமுக்கினால் பாதிக்குப் பாதி. பெரிய கட்டி மேல் சின்னக் கட்டியை வைத்து அமுக்கினால் நிறத்துக்குள் நிறம், முட்டையின் வெள்ளையும் மஞ்சளும் போல. எனக்கு மிகப் பிடித்தது ஸ்பிளாட்டர். கட்டியின் மேல் வேறு நிற மணிகளைப் பெரும்பாலும் கையால்தான் ஒட்டுகிறார்கள். அமுக்கும்போது அவை நடுவிலிருந்து ஓரத்துக்குச் சிதறி ஓடும். கை வேலை என்பதால் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. என்னிடம் உள்ள ஆரஞ்சு ஸ்பிளாட்டரில் ஒரு பக்கம் தீப்பொறி மாதிரி சின்னச் சின்னக் கீற்று, திருப்பினால் மருதாணி கொட்டினாற்போல் ஒரே ஒரு பெரிய திட்டு. இரண்டும் ஒரே தட்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. விற்பனைப் பக்கத்தில் நீங்கள் பார்க்கிற படம் பெரும்பாலும் கணினியில் வரைந்தது. நாங்கள் லேப் டிப்பில் ஒப்புதல் வாங்கிய நிறமே பல்க்கில், அதாவது மொத்தமாகச் சாயம் போடும்போது, சற்று மாறுகிறபோது, தட்டே அச்சாவதற்கு முன் வரைந்த படம் எப்படி அப்படியே வரும்? ஒருமுறை "ஊதாவில் வெள்ளிப் புகை" என்று படம் போட்டு விற்றதை வாங்கினேன். வந்தது சாம்பல் கலந்த கத்திரிக்காய் நிறம். பாட்டு அருமையாக இருந்ததால் மனம் ஆறியது. அதிலிருந்து, ஏற்கெனவே கையில் வாங்கியவர்கள் எடுத்த புகைப்படம் வரும்வரை ஸ்பிளாட்டர், மார்பிள் ரகங்களுக்குப் பணம் கட்டுவதில்லை.

பிக்சர் டிஸ்க் என்று முழுப் படம் போட்ட தட்டு உண்டு. அதில் படத்தாளின் மேல் மெல்லிய தெளிந்த படலம் ஒட்டி, அந்தப் படலத்தில்தான் கோடு அச்சாகிறது. அதனால் இரைச்சல் கூடும். இருட்டில் ஒளிரும் தட்டிலும் இரைச்சல் அதிகம் என்பது சேகரிப்பவர்கள் எல்லோரும் சொல்வது, என் அனுபவமும் அதுவே. சுவரில் மாட்டி அழகு பார்க்க வாங்கலாம், கேட்க வாங்காதீர்கள். கண்ணாடி மாதிரித் தட்டில் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. ஊசி வைக்கும்போது பக்கவாட்டில் டார்ச் அடித்துக்கொள்ளுங்கள். ஒளி உணரி வைத்துத் தட்டின் அளவைக் கண்டுபிடிக்கிற பழைய தானியங்கி பிளேயர்கள் சில, தெளிந்த தட்டை வைத்தால் அங்கே தட்டே இல்லை என்று நினைத்துக்கொள்ளும்.

தட்டுக்கு முன்னால் பிளேயர்

பத்துத் தட்டு வாங்கிவிட்டு அப்புறம் பிளேயர் பார்க்கலாம் என்று இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தலைகீழாகச் செய்யுங்கள். சூட்கேஸ் மாதிரி மடக்கி மூடுகிற மலிவு பிளேயர்களில் ஊசியின் பாரம் பெரும்பாலும் அதிகம், ஐந்து கிராம்கூடத் தொடும். நல்ல மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி அதன் அசைவைக் காந்தத்தால் ஒலிச் சிக்னலாக்குகிற பாகம்) இரண்டு கிராம் அளவில் வேலையை முடித்துவிடும். பாரம் கூடினால் தட்டு சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். ஆடியோ-டெக்னிகாவின் எல்.பி.60எக்ஸ் போன்ற தொடக்க மாடல் ஒன்று போதும், ஊசியிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்குகிற ஃபோனோ ப்ரீஆம்ப் அதற்குள்ளேயே இருக்கும். ஊசியை அதன் கம்பெனி சொல்கிற மணி நேரத்துக்குள் மாற்றுங்கள்.

அமெரிக்காவிலிருந்து ஒறம்பரை யாராவது பழைய பிளேயர் கொண்டுவந்து தருவதாகச் சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்மிடம் 50. ஏ.சி. மோட்டார் வைத்த பிளேயரில் வோல்டேஜை டிரான்ஸ்ஃபார்மர் வைத்துச் சரிசெய்தாலும் வேகம் குறையும். 33⅓ சுற்றுக்குப் பதில் நிமிடத்துக்கு 28 சுற்றுக்கும் கீழே இறங்கி, பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல் கேட்கும். 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி (மோட்டாரில் மாட்டும் சின்னச் சக்கரம்) கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

"லிமிடெட்" என்றால் எத்தனை?

இந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழகிவிட்டால் பாதிப் பணம் மிச்சம். லிமிடெட் என்ற சொல்லுக்கு எந்த அளவும் கிடையாது. நூறு தட்டும் லிமிடெட், பத்தாயிரம் தட்டும் லிமிடெட். உறையில் 137/500 என்று எண் போட்டிருந்தால் அது கணக்கு. "ஒருமுறை மட்டும் அச்சு" என்றிருந்தால் எந்த நிறத்துக்கு என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த நிறம்தான் ஒருமுறை, அதே ஆல்பம் அடுத்த வருடம் நீலத்தில் வரும். முன்பதிவுக் காலம் முடியும்வரை கேட்டவர்களுக்கெல்லாம் அச்சடித்துத் தருகிற முறையும் உண்டு. அதில் எத்தனை என்பது கடைசி நாளில்தான் தெரியும். ஒரு குறிப்பிட்ட கடைக்கு மட்டும் ஒரு நிறம், கச்சேரிப் பயணத்தில் விற்க மட்டும் ஒரு நிறம் என்றும் வரும். ஒரே ஆல்பம் எட்டு நிறத்தில் வந்தால் எட்டையும் வாங்கத் தோன்றும். ஒன்று போதும். கறுப்பில் மட்டும் வந்திருந்தாலும் இந்த இசையை வாங்கியிருப்பேனா என்று கேட்டுப் பார்த்துவிட்டு ஒன்றை எடுங்கள்.

ரெக்கார்ட் ஸ்டோர் டே என்று ஒரு நாள் உண்டு. 2007இல் பேசி முடிவெடுத்து 2008 ஏப்ரலில் அமெரிக்கச் சிறு கடைகள் தொடங்கியது, இப்போது பல நாடுகளில் நடக்கிறது. அன்றைக்கென்றே லிமிடெட் தட்டுகள் வெளியாகும். அன்று மாலையே இணையத்தில் மும்மடங்கு விலை சொல்வார்கள். பதறாமல் சில மாதம் பொறுங்கள், பெரும்பாலான தட்டுகளின் விலை இறங்கிவிடும். இறங்காத சிலவற்றை விட்டுவிடுவதும் நல்லதுதான்.

விலை பார்க்க டிஸ்காக்ஸ் தளத்தைப் பழகுங்கள். 2000இல் தொடங்கியது. ஒரே ஆல்பத்தின் ஒவ்வொரு நாட்டு அச்சும், ஒவ்வொரு நிறமும் தனித்தனிப் பதிவாக இருக்கும். விற்கக் கேட்கிற விலையை விட்டுவிட்டு, இதுவரை விற்ற விலையைப் பாருங்கள். உங்கள் கையிலிருப்பது எந்த அச்சு என்று அறிய, பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவிலுள்ள வெற்று வளையத்தைச் சாய்த்துப் பாருங்கள். அங்கே எழுத்தும் எண்ணும் கீறியிருக்கும். கோவை பவுண்டரிகளில் காஸ்டிங்கின் மேல் எந்த உருக்கில் வார்த்தது என்று சொல்லும் ஹீட் நம்பர் இருக்குமே, அதைப் போன்ற அடையாளம் அது. ஸ்டிக்கரை மாற்றி ஒட்டலாம், இதை மாற்ற முடியாது.

பழைய தட்டு வாங்குகிறபோது தரக் குறியீட்டின் பேரைப் பார்த்து ஏமாறாதீர்கள். மின்ட், நியர் மின்ட், வி.ஜி. (வெரி குட்) பிளஸ், வி.ஜி., குட் என்று இறங்கிக்கொண்டே போகும். வண்ணத்தட்டில் வி.ஜி. பிளஸுக்குக் கீழே நான் போவதில்லை. "குட்" என்று போட்டிருந்தால் கீறலும் இரைச்சலும் தாராளமாக இருக்கும் என்று பொருள்.

எங்கே வாங்குவது

புது வண்ணத்தட்டுக்குப் பெருநகரக் கடைகளும் இணையமும்தான். மும்பையில் மறுபடியும் தட்டு அச்சடிக்கத் தொடங்கியிருக்கிறார்கள், உள்நாட்டுத் தட்டுகள் கூடும் என்று ஆசையோடு காத்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தட்டு விலை, தபால் செலவு, சுங்க வரி மூன்றையும் கூட்டிப் பாருங்கள். பரிசு என்று எழுதி அனுப்பினால் வரி இல்லை என்ற பழைய வழி 2019 டிசம்பரோடு முடிந்தது. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைத்து, தபால் செலவைப் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

விற்பவருக்கு ஒரு வரி தவறாமல் எழுதுங்கள்: தட்டை அட்டை உறைக்கு வெளியே எடுத்துப் பின்னால் வைத்து அனுப்பவும். இல்லாவிட்டால் வழியில் விழுகிற ஒவ்வொரு அடிக்கும் தட்டின் விளிம்பு உறையின் ஓரத்தை அறுத்துவிடும். சீல் பிரிக்காத தட்டுக்கு மட்டும் இது முடியாது.

நம் ஊரில் பழைய தட்டு தேட ஆசைப்பட்டால் மைக் செட்காரர்களைப் பாருங்கள். கல்யாணம், காதுகுத்து, நோம்பி எதுவானாலும் விடியக்காலையில் குழாய் ரேடியோ கட்டிய காலத்தில், ஒவ்வொரு ஊர் மைக் செட்டிலும் ஒரு மரப்பெட்டி நிறையத் தட்டு இருந்தது. அவை பெரும்பாலும் கறுப்பு, கல்யாணம் கல்யாணமாக ஓடித் தேய்ந்தவை. ஆனாலும் போய் உட்கார்ந்து பழமை பேசுங்கள். தட்டைப் பிடிக்கிற விதம், ஊசியை இறக்குகிற பதம் எல்லாம் நான் அந்தப் பெரியவரிடம்தான் கற்றேன். அவர் பெட்டியின் அடியில் நம் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் பாடிய 78 சுற்றுத் தட்டு ஒன்று இருந்தது. அதைத் துணியில் சுற்றி, தனியாக வைத்திருந்தார். 78 தட்டு அரக்கால் ஆனது, கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடையும். எல்.பி. ஊசியை அதில் வைக்கக் கூடாது, அதற்கென்று தடித்த ஊசி உண்டு.

கொங்குச் சூடும் பஞ்சும் போர்த் தண்ணீரும்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இல்லாத பகுதி இது. சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுமுடி கோயிலுக்குப் போனேன். முந்தின நாள் வந்த நீலத் தட்டு காரின் பின் சீட்டில் இருந்தது. ஆற்றில் குளித்து, சாமி கும்பிட்டு வர ஒன்றரை மணி நேரம். வீட்டில் பிளேயரில் வைத்தபோது ஊசிக் கை படகு மாதிரி ஏறி இறங்கியது. மூடிய காருக்குள் வெயில் காலத்தில் பி.வி.சி. இளகுகிற அளவுக்குச் சூடு ஏறும். அதற்கப்புறம் தட்டை ஒரு நிமிடம்கூடக் காரில் விட்டதில்லை. கூரியர் வருகிற நாளில் வீட்டில் ஆள் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். வளைந்த தட்டை இரண்டு தடித்த கண்ணாடிக்கு நடுவில் வைத்து, மேலே கடப்பைக் கல் ஏற்றி, குளிர்ந்த அறையில் சில வாரம் விட்டால் கொஞ்சம் நிமிரும். அடுப்பு, இஸ்திரிப் பெட்டி பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

வீட்டில் அட்டாலியில் (பரணில்) வைக்க வேண்டாம். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையும் மேற்கு வெயில் படும் சுவரும் வேண்டாம். புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள், சாயவும் கூடாது, நெருக்கவும் கூடாது. வெயில் பட்டால் சில நிறங்கள் வெளுக்கும். சுவரில் மாட்டுகிறவர்கள் தட்டுக்குப் பதில் உறையை மட்டும் மாட்டலாம். பி.வி.சி. வெளியுறைகள் நம் சூட்டில் கசிந்து, தட்டின் மேல் பனி படர்ந்த மாதிரி ஒரு மங்கலை உண்டாக்கும். தெளிந்த நிறத்தில் அது அப்பட்டமாகத் தெரியும், போகவும் போகாது. பாலிபுரொப்பிலீன் வெளியுறையும் மெல்லிய பாலித்தீன் உள்ளுறையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பனியன் கம்பெனி இருக்கிற தெருவில் குடியிருந்தால் பஞ்சுதான் முதல் எதிரி. ஜன்னல் திறந்திருந்தால் ஒரு பக்கம் ஓடி முடிவதற்குள் ஊசி முனையில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பஞ்சுருண்டை சேர்ந்துவிடும், பாட்டு மங்கிக்கொண்டே போகும். தட்டு ஓட்டும்போது ஜன்னலைச் சாத்துங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கு முன்னாலும் கார்பன் ஃபைபர் பிரஷை மெதுவாக வையுங்கள், ஊசியைப் பின்னாலிருந்து முன்னால் ஒரு தரம் துடையுங்கள்.

கழுவ வேண்டியிருந்தால் போர்த் தண்ணீர் கூடவே கூடாது. நம் உப்புத் தண்ணீர் காய்ந்து குடத்தில் வெள்ளை படிகிற மாதிரி கோடுகளுக்குள்ளும் படியும். சிறுவாணித் தண்ணீரே வருகிற வீடாக இருந்தாலும் டிஸ்டில்டு வாட்டர்தான். மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, கோடு போகிற போக்கில் வட்டமாகத் துடையுங்கள், லேபிள் நனையக் கூடாது. ஐசோபுரொப்பில் ஆல்கஹால் சிலர் கொஞ்சம் சேர்ப்பார்கள். எல்.பி.க்குப் பரவாயில்லை, அரக்குத் தட்டில் ஒரு சொட்டும் படக் கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

பிரிப்பதா, சீலோடு வைப்பதா

புதிதாகச் சேர்ப்பவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் இது. சீல் பிரிக்காவிட்டால் மறுவிற்பனையில் விலை கூடும் என்பது உண்மை. ஆனால் இறுக்கிச் சுற்றிய அந்த பிளாஸ்டிக் தாள் வெயில் காலத்தில் இன்னும் சுருங்கி, உறையின் மூலையை மடக்கி, உள்ளிருக்கும் தட்டையும் வளைக்கும். நம் ஊர்ச் சூட்டுக்கு நான் பிரிக்கச் சொல்வேன். அதுவுமில்லாமல், பிரித்தால்தான் உள்ளே இருப்பது சொன்ன நிறம்தானா, லேபிள் மாறாமல் ஒட்டியிருக்கிறதா, நடு ஓட்டை சரியாக இருக்கிறதா என்று தெரியும். குறை இருந்தால் மாற்றிக் கேட்கக் கடைகள் சில நாள்தான் தவணை தரும்.

பார்சலைத் திறப்பதிலிருந்து செல்போனில் வீடியோ எடுங்கள். உறையின் வாய்ப்பக்கம் மட்டும் நகத்தால் கீறி, தாளின் மற்ற மூன்று பக்கத்தையும் அப்படியே விடுங்கள். எண்ணிக்கையும் நிறமும் அச்சிட்ட ஸ்டிக்கர் அந்தத் தாளின் மேல்தான் இருக்கும். தாள் ரொம்ப இறுக்கமாக இருந்தால் ஸ்டிக்கரைச் சுற்றி வெட்டி எடுத்து வெளியுறைக்குள் போட்டு வையுங்கள். தட்டை விளிம்பிலும் லேபிளிலும் மட்டும் தொட்டு வெளியே எடுங்கள். ஜன்னல் பக்கம் ஒருதரம் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், அப்புறம் பிளேயரில் வைத்து இரண்டு பக்கத்தையும் முழுசாகக் கேளுங்கள்.